டிவிடி காட்சிகளை எடிட்டிங்குக்குக் கொண்டுபோக: ஹேண்ட்பிரேக்கா, புரோரெஸ்ஸா?

பதினோரு பழைய குடும்ப டிவிடிகளிலிருந்து காட்சிகளைப் பொறுக்கி எடுத்து, அரை மணி நேரப் படம் ஒன்றை வெட்டி முடித்திருக்கிறேன். மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன். கடைசியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் மூலம், எடிட்டிங்குக்கென்று ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் வடிவத்துக்கு மாற்றுவதோடு நின்றுவிட்டேன்.

டிவிடியில் படம் இருக்கும் விஓபி கோப்பின் பின்னொட்டை எம்பிஜி என்று மாற்றி அப்படியே எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போடுவது முதல் வழி. தரம் துளியும் குறையாது, நேரமும் ஆகாது. ஆனால் டிவிடி தன் படத்தை 1 ஜிபி அளவில் நறுக்கி வைத்திருப்பதால் காட்சி நடுவிலேயே அறுந்துவிடும். டிவிடிகளில் வழக்கமான ஏசி-3 வடிவ ஒலி சில மென்பொருள்களில் வராது. ஒரே ஒரு துண்டு வேண்டும் என்பவருக்கு இது போதும்.

இரண்டாவது வழி ஹேண்ட்பிரேக், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் இலவச மென்பொருள். அது எளிது, கோப்பும் சின்னது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதையே சொல்வேன். வெட்டுவதற்கு என்றால் பீல்டு, அதாவது பாதி வரிகள் மட்டும் கொண்ட அரைப் படம், என்ற விஷயத்தில்தான் சிக்கல்.

பால் (PAL, இந்தியாவில் வழங்கும் டிவி முறை) டிவிடியில் நொடிக்கு 25 பிரேம் என்றுதான் காட்டும். வீடியோ கேமராவில் எடுத்த காட்சியாக இருந்தால் அதற்குள் இருப்பவை 50 அரைப் படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்துக்கு உரியவை, இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி தள்ளி எடுத்தவை. ஹேண்ட்பிரேக்கின் வழக்கமான அமைப்பு இவற்றை 25 முழுப் படங்களாக்கிவிடும். அசைவில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

என் தங்கை ஊஞ்சலாடும் காட்சியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டபோதுதான் இது உறைத்தது. ஹேண்ட்பிரேக் கோப்பில் ஊஞ்சல் விக்கி விக்கி வந்தது. 50 பிரேமாக மாற்றிய புரோரெஸ்ஸில் அவளுடைய பின்னல் காற்றில் எழுந்து மடங்குவது வரை வழுக்கிக்கொண்டு வந்தது. அதே தட்டு, அதே எட்டு நொடி.

எஃப்எஃப்எம்பெக்கில், அரைப் படங்களை முழுப் படங்களாக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டியைப் போட்டால், வேறெதுவும் சொல்லாமலே 50 பிரேம் கிடைக்கும். அதே வேலையைச் செய்யும் யாடிஃப் (yadif) அப்படியல்ல, மோடு 1 என்று சொல்லாவிட்டால் 25 தான். ஹேண்ட்பிரேக்கிலும் ஒவ்வொரு அரைப் படத்தையும் ஒரு முழுப் படமாக்கும் பாப் (bob) முறையைத் தேர்ந்தெடுத்து, பிரேம் வேகத்தை மாறாத 50 என்று வைத்தால் அசைவு தப்பிக்கும். ஆனாலும் படத்தை மறுபடி அழுத்தித்தான் தரும். ஓரத்தைத் தானாக வெட்டுவதையும் நிறுத்த வேண்டும். புரோரெஸ்ஸில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்பதால், டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது திணறாது.

இதற்கு விலை வட்டு இடம். 25 பிரேமில் புரோரெஸ் 422 மணிக்குச் சுமார் 18 ஜிபி, 50 என்றால் அதன் இரு மடங்கு. அதனால் முழுத் தட்டையும் மாற்றாமல், வேண்டிய துண்டுகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் மாற்றினேன். 4:3 படத்தை 768க்கு 576 என்று விரிக்க மறந்துவிடாதீர்கள், முகங்கள் ஒடுங்கித் தெரியும்.

நான் கையாண்டவை அனேகமாக எல்லாமே பால் தட்டுகள். அமெரிக்காவில் வழங்கும் என்டிஎஸ்சி முறையில் இரண்டுதான் கைக்கு வந்தன, இரண்டும் கேமராப் பதிவுகள். 24 பிரேம் திரைப்படத்திலிருந்து வந்த என்டிஎஸ்சி தட்டுக்கு இந்த வழி பொருந்தாது; அதில் கூட்டிச் சேர்த்த பீல்டுகளை நீக்க வேண்டியிருக்கும்.

படம் முடிந்ததும் புரோரெஸ் கோப்புகளை அழித்துவிட்டேன். விஓபி நகல்களை மட்டும் இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறேன்.