சுருட்டுப் பெட்டியில் போன 18,500 ரூபாய்: ஹியூமிடார் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரி பெட்டியை விற்றவனிடமிருந்து வந்த கடைசி மெசேஜ்: "சீல் பிரிச்சாச்சு சார், ரிட்டர்ன் எடுக்க முடியாது." சீல் பிரிக்காமல் உள்ளே நாறுகிறதா இல்லையா என்று எப்படியய்யா பார்ப்பது?

துபாயிலிருந்து வந்த அண்ணன் பத்து கியூபச் சுருட்டு கொண்டுவந்து கொடுத்தார். உடம்புக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும். மாதம் ஒன்று, மொட்டைமாடியில், அவ்வளவுதான். பத்தையும் காயாமல் வைத்திருக்க ஒரு ஹியூமிடார் தேடியபோது, பரிசுப் பொருட்கள் விற்கும் ஒரு செயலியில் இந்தப் பெட்டி கண்ணில் பட்டது. விலை 18,500.

நான் ஏமாந்த இடம் இதுதான். விற்றவன் போனில் எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. "எந்தச் சுருட்டு சார் வைக்கப் போறீங்க? ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதத்துக்குள்ள இருக்கணும். பெட்டி வந்ததும் டிஸ்டில்ட் வாட்டர் வச்சு மரத்தை ஈரத்துக்குப் பழக்கிட்டு அப்புறம் சுருட்டை வைங்க" என்றான். விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். "உள்ளே முழுக்க ஸ்பானிஷ் சீடர் மரம், நான் கேரண்டி" என்று ஒரு வீடியோ வேறு, உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே. அடுத்த நிமிடம் 18,500 போய்விட்டது.

பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் ப்ளைவுட் கடைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. வார்னிஷும் பசையும் சேர்ந்த நெடி, கண்ணே எரிந்தது. கேட்டேன். "புது மரம் அப்படித்தான் சார், ஒரு வாரம் திறந்து வைங்க." வைத்தேன், பத்து நாள். கிண்ணத்தில் சமையல் சோடா வைத்தேன். மீன் தொட்டிக்குப் போடுகிற கரியை வாங்கித் துணியில் முடிந்து வைத்தேன். நெடி குறைந்த மாதிரிதான் இருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் வைத்து ஒரு வாரம் பழக்கினேன், சுருட்டுகளை அடுக்கி மூடினேன். மூன்றாம் நாள் திறந்தால், முதல் நாள் அடித்த அதே நெடி.

ஏன் என்று அப்போதுதான் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் தோல் மாதிரி ஒன்று உரிந்திருந்தது. நகத்தால் இழுத்தேன், காகித கனத்துக்கு மேலே ஒட்டிய மரத்தோல் (வெனீர்) கையோடு வந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் எம்டிஎஃப் அட்டை. மரநாரைப் பிசின் போட்டு அழுத்திச் செய்வது அது. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நெடியடிக்கும் ரசாயனம் இருக்கும், ஈரமும் சூடும் பட்டால் இன்னும் கிளம்பும். ஹியூமிடார் என்பதே ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிற பெட்டி! நான் நெடியைப் போக்கவில்லை, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "சீடர்னா தேவதாரு சார், வாசனை வரத்தான் செய்யும்" என்கிறான். ஸ்பானிஷ் சீடர் தேவதாரு இனமே இல்லை, நம் வேம்பு, மகாகனி குடும்பத்து மரம். அதன் வாசனையும் மிளகு கலந்த மாதிரி மெல்லிசாக இருக்குமாம். இருக்குமாம் என்றுதான் நான் சொல்ல முடியும், 18,500 கொடுத்தும் மோந்து பார்க்கக் கிடைக்கவில்லையே. அடுத்து "நீங்க ஈரம் அதிகமா வச்சிருப்பீங்க" என்றான். அப்புறம் நீல டிக் மட்டும். செயலியின் உதவிப் பிரிவில் எழுதினால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு நன்றி.

ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பார்த்தேன். இரண்டு இழுப்பு, நாக்கில் வார்னிஷ். மீதி ஒன்பதும் அதே கதைதான். என் தாத்தா உறையூர்ச் சுருட்டைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பா ஒரு நாளும் இப்படி நாறியதில்லை.

நெடியைப் போக்க வழி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. மேலாக ஒட்டிய பசையோ பாலிஷோ என்றால் காற்றாட வைத்தால் போகலாம், மாதக்கணக்கில் ஆனாலும். பலகையே நாறினால் போகாது. சோப்பு, வினிகர், சென்ட், பாச்சா உருண்டை எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். சுருட்டு வைக்கும் முன் ஈரமாக்கி, இரண்டு நாள் மூடி வைத்து மோந்து பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நல்ல பெட்டி கிடைக்கும்வரை காற்றுப் புகாத, வாசனை இல்லாத பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தை ஒரே அளவில் வைக்கும் ஒரு ஈரப்பதப் பாக்கெட்டும் போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன், புகார் எண்ணும் வந்துவிட்டது. இன்று காலை அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே பெட்டி, அதே விரல் தடவும் வீடியோ, விலை மட்டும் 16,999. "கடைசி 2" என்று சிவப்பில் போட்டிருக்கிறான்.