சாவி தீர்ந்த கே.பி.எஸ்.: லாங்கு பஜார் ரேடியோ பாயிடம் மூன்று நடை

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது கடை. பெயர்ப் பலகை கிடையாது. கடை என்று சொல்வதே அதிகம். ஒரு ஆள் உட்காரலாம், இன்னொரு ஆள் நிற்கலாம். மிச்ச இடமெல்லாம் வால்வு ரேடியோ, டேப் ரெக்கார்டர், மோட்டார் கழற்றிய டேபிள் ஃபேன். பழைய இசைத்தட்டு, கேசட் எது கொண்டுபோனாலும் பென்டிரைவில் ஏற்றித் தருவார் பாய். போன சித்திரையில் பதினொரு தட்டு கொடுத்தேன். மூன்று நடை நடந்தேன். நடந்தது வீண் இல்லை, ஆனால் முதல் நடையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தால் அடுத்து போகிறவர்களுக்கு ஒரு நடையாவது மிச்சமாகும்.

தட்டுகள் என் தாத்தாவுடையவை. குடியாத்தத்தில் பீடி மண்டியில் கணக்கு எழுதியவர், நாடக மேடையில் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் (கே.பி.எஸ்.) பைத்தியம். ரயிலேறி மெட்ராஸுக்குப் போய் ராத்திரி முழுக்க நாடகம் பார்த்துவிட்டு, மறுநாள் மண்டியில் தூங்கி வழிந்து முதலாளியிடம் திட்டு வாங்கிய கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள். சாவி முறுக்கி ஓட்டுகிற கிராமபோன் பெட்டி எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போய்விட்டது. தட்டுகள் மட்டும் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தன.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. "அந்த பிளேட்டை ஒருவாட்டி கேட்டுட்டா போதும்டி" என்று ஒரு நாள் ஆரம்பித்தார். மொபைலில் கே.பி.எஸ். பாட்டைத் தேடிப் போட்டேன். நாலு வரி கேட்டுவிட்டு, "இது சினிமாவுல பாடினது. கிழவி குரல். எங்கப்பா பிளேட்டுல இருக்கிறது வேற ஆளு மாதிரி இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா சொன்னது நியாயம்தான். நமக்கெல்லாம் கே.பி.எஸ். என்றால் திருநீறு, வெள்ளைப் புடவை, கையில் கோல். ஔவையார் படம் வந்தது 1953இல். அப்போது அவருக்கு 44 வயது. அதற்கு முன்னால் ஒரு முழு வாழ்க்கையே நாடக மேடையில் ஓடி முடிந்திருந்தது. கொடுமுடியில் 1908இல் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்று சொல்வார்கள். நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சின்ன வயதிலேயே ஊர் ஊராகப் போய், கடல் தாண்டி இலங்கையிலும் நடித்தார். கொழும்பு மேடையில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். 1927இல் கல்யாணம். கிட்டப்பா ஒரு அடி எடுத்தால் இவர் அதற்கு மேலே ஒரு அடி எடுப்பார், ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டுக் கதையையே நகர விடாது என்பார் தாத்தா. 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். இவருக்கு 25 வயது. அன்று உடுத்தியதுதான் அந்த வெள்ளைப் புடவை. அதன் பிறகு எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டார்கள், அதிலும் ஆண் வேஷம், நந்தனாராகவே. எங்கள் வட ஆற்காட்டுக் கூத்தில் ஆம்பளைதான் திரௌபதி, ஆம்பளைதான் பொன்னுருவி. இங்கே தலைகீழ்.

கூத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மா கூத்துக் கேட்டு வளர்ந்தவர். மைக் இல்லாமல், முகவீணைக்கு மேலே எழும்பி, கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தவர் வரைக்கும் கேட்கிற தொண்டை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது அந்த மாதிரி ஒரு தொண்டை.

சரி, கடைக்கு வருவோம். முதல் நடையில் பாய் தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தட்டுகளின் பள்ளம், பிறகு வந்த எல்.பி. தட்டின் பள்ளத்தைப்போல மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கை உழுதுகொண்டு போகும். இது தெரியாமல் ஓட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பாய் மறு பேச்சில்லாமல் ஊசியை மாற்றினார். இதற்குள் பேரப்பையன் ஒரு தட்டைத் துடைக்க, டேப் ஹெட்டுக்கு வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவிட்டான். பாய் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் காயவைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பென்டிரைவ் வந்தது. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"சாவி தீந்து போச்சா?"

"எதுக்குச் சாவி? இது பென்டிரைவும்மா."

"சாவி தீந்த பெட்டியில பாடற மாதிரி இழுக்குதே. அப்புறம் வாயில பாக்கு போட்டுக்கிட்டுப் பாடறாங்க."

இரண்டும் சரியான புகார். நான் பாட்டு கற்றவள் இல்லை, எனக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. மறுநாள் பாயிடம் போய் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அம்மாவுக்குக் காது நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, டர்ன்டேபிள் மேல் ஒரு வட்டக் காகிதத்தை வைத்தார். விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள், 77 கோடு. எல்.இ.டி. பல்பை அணைத்துவிட்டு, சோக்கு வைத்த பழைய டியூப் லைட்டைப் போட்டார். நம் கரண்டில் அந்த லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. தட்டு நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்று சுற்றினால் அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரியும். நிற்கவில்லை. எறும்பு வரிசை மாதிரி பின்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தன.

"பெல்ட்டு லூஸாயிடுச்சும்மா. எழுபத்து நாலுலதான் ஓடியிருக்கு."

78க்கு 74 என்றால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கிவிடும். 84 வயதுக் காது அதைப் பிடித்திருக்கிறது. பதினொரு தட்டையும் ஓட்டுவதற்கு முன்னால் பாய் இந்தக் காகிதத்தை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை பேரனுடையது. கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலை வழித்து எடுத்திருக்கிறான். இரைச்சல் இருக்கிற உயரத்தில்தான் ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மையும் இருக்கிறது. ஒன்றை வழித்தால் இன்னொன்றும் கூடவே போய்விடும். 'சரவண' என்று அவர் பாடினது 'தரவண' என்று கேட்டது. அம்மா சொன்ன பாக்கு அதுதான். நல்ல பையன், வேலை தெரிந்தவன், ஆனால் சுத்தமாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிற வயசு. "அக்கா, கர்ருனு சத்தம் வரும், பரவாயில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டான். வரட்டும் தம்பி என்றேன்.

மூன்றாவது நடையில் கையில் வந்ததுதான் சரக்கு. பெல்ட் புதுசு, இரைச்சல் அப்படியே. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அதைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல். ஆர்மோனியம் பின்னால் ஓடி வருகிறது, பிடிக்க முடியவில்லை. மூச்சு இழுப்பது கேட்கிறது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலேதான் இடம் உண்டு. மேடையில் அரை மணி நேரம் இழுத்த பாட்டை அதற்குள் அடக்கியாக வேண்டும். கடைசிச் சரணத்தில் அவசரம் அப்பட்டமாகத் தெரிகிறது. காந்தியைப் பற்றிய பாட்டு ஒன்றில் முடிவு வரி பாதி ஓட்டம்தான். அதுவும் அழகாக இருக்கிறது. கீறல் விழுந்த ஒரு தட்டு மட்டும் சுற்றுக்கு ஒரு தடவை டக் டக் என்கிறது. அதற்குப் பாய் காசு வாங்கவில்லை.

தட்டுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 120 ரூபாய். மறுபடி ஓட்டியதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பென்டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். ரசீது கிடையாது, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். போகிறவர்கள் முதலிலேயே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: கோட்டுக் காகிதத்தை வைத்து வேகம் பார்க்கச் சொல்லுங்கள், இரைச்சலைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள், முகம் சுளிப்பதில்லை. தட்டைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் நடுநடுவே துணி வைத்து, செங்குத்தாக அட்டைப் பெட்டியில் அடுக்கி, குடியாத்தம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். இந்த ஊர் வெயிலில் வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் தட்டு வளைந்துவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போனால் ஆள் இருக்க மாட்டார், தொழுகை. கேசட் வேலை எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது தட்டு மட்டும்தான்.

அம்மா முதல் பாட்டை முழுதாகக் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் தட்டின் கடைசிப் பள்ளத்தில் ஊசி ஓடுகிற கர்ர், கர்ர் சத்தத்தைப் பையன் வெட்டாமல் விட்டிருந்தான். அம்மா சாய்வு நாற்காலியிலிருந்து பதறிப்போய் எழுந்தார்.

"ஊசியை எடுடி, பிளேட்டு தேயுது!"