ஆர்மிடேல் வழியாகப் போகிறவர்களுக்கு

சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குக் காரில் போகிற நம்மவர்கள் வழியில் இருக்கும் ஆர்மிடேல் ஊரில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கென்டக்கி தெருவில் இருக்கும் நியூ இங்கிலாந்து வட்டாரக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'நெராம்' (NERAM) என்பார்கள். திறந்தது 1983-இல்.

அங்கே பார்க்க வேண்டியது ஹோவர்ட் ஹின்டன் கொடுத்த ஓவியங்கள். மனிதர் கப்பல் நிறுவனம் ஒன்றில் இயக்குநராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த வீடு இல்லை, சிட்னியில் ஒரு விடுதி அறையில் வாடகைக்கு இருந்தார். 1929-இலிருந்து 1948-இல் சாகும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை வாங்கி வாங்கி இந்த ஊர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரிய நகரத்து மியூசியத்துக்கும் கொடுத்திருக்கிறார்; ஆனால் பெரும்பங்கு வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான். தாழ்வாரத்திலும் வகுப்பறையிலும் மாட்டியிருந்தார்களாம். வகுப்புக்குப் போகிற வழியில், ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற ஓவியர் டாம் ராபர்ட்ஸின் ஓவியம்! எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த ராபர்ட்ஸ் வரைந்த 'மாஸ்மன் விரிகுடா' (1894) முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். சிட்னியில் இன்று வீட்டு விலை கேட்டாலே தலைசுற்றும் பகுதி அது. அப்போது ராபர்ட்ஸ் அந்தப் பக்கத்துக் கரையில்தான் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். அப்புறம் நோரா ஹேசனின் 'முட்டைகள்'. 1927-இல், பதின்வயதில் வரைந்தது. வெறும் முட்டைகள்தான், ஆனால் அந்தக் கை உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசை 1938-இல் வாங்கிய முதல் பெண்ணின் கை என்பதில் ஆச்சரியம் வராது.

ஹின்டன் ரசனை கொஞ்சம் பழமைதான். யூகலிப்டஸ் மரமும் வெயிலும் மேய்ச்சல் நிலமுமாக வரிசையாகப் பார்த்தால் ஒரு கட்டத்தில் போதும் என்று தோன்றும். அப்போது சாண்ட்லர் கவென்ட்ரி கொடுத்த தொகுப்பிலிருந்து ஏதாவது மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தப் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து சிட்னியில் கேலரி நடத்தியவர் அவர். சேர்த்தது அவர் காலத்து நவீன ஓவியங்கள், ஹின்டனுக்கு நேர் எதிர்.

இரண்டு தொகுப்பும் பெரியவை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சுவரில் மாட்ட முடியாது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். குறிப்பிட்ட ஓவியத்துக்காகப் போகிறீர்கள் என்றால் முதலில் போன் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கு அலுத்தால் அதே வளாகத்தில் அச்சு அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய அச்சு இயந்திரங்களைக் காட்டலாம். காபிக் கடையும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.