அம்மாவின் கைரேகை

மூன்று வாரம் சென்னையில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் டொரொண்டோ திரும்பினேன். இந்தக் கோடையில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மெட்ரோ அருமை. விமான நிலையத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது, 2016ல் இருந்து. பெட்டி அதிகமில்லை என்றால் டாக்ஸியே தேவையில்லை. மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் மட்டும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக ஏகப்பட்ட இடங்களில் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் போகும்.

சில்லறைதான் பெரிய பாடு. இளநீர்க்காரர், பூக்காரம்மா எல்லாரும் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். கனடா, சிங்கப்பூர், பிரிட்டன் உட்படப் பத்து நாட்டு போன் நம்பர்களை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கோடு சேர்த்து யூபிஐ வைத்துக்கொள்ள 2023லேயே வழி செய்துவிட்டார்கள். இங்கிருந்து கிளம்பும் முன் அதை முடித்துவிடுங்கள். நான் முடிக்காமல் போய், ஐந்நூறு ரூபாய் நோட்டோடு டவுன் பஸ் ஏறினேன். அம்மாவுக்கு டிக்கெட் இல்லை; சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம். எனக்குத்தான் வேண்டும். கண்டக்டர் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் போனை நீட்டி எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். பதறிப்போய் நோட்டை நீட்டினேன். "பரவால்ல அங்கிள், எங்கப்பாவும் இப்படித்தான் ஐந்நூறு ரூபாயோட பஸ் ஏறுவாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள். முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. அந்தக் குரல் இருக்கிறது.

நான் போன முக்கியமான காரியம் வேறு. ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் போன் நம்பர். ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் அதுவும் போய்விட்டது. எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகிறது. ஒரு வங்கி அம்மாவை மூன்று முறை அலையவிட்டிருக்கிறது. மூன்று முறையும் "ரேகை விழல, இன்னொரு நாள் வாங்க" என்ற ஒரே பதில்.

நம்பர் மாற்ற ஆவணம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அம்மா நேரில் வர வேண்டியிருந்தது. காலை ஒன்பதுக்கே ஆதார் மையத்துக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அரிசி களைந்து, பாத்திரம் தேய்த்து, வாசலில் கோலம் இழுத்த விரல்கள். கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு. நான்கு முறை வைத்தாயிற்று. ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கருவிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மையத்துப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தாள். ஈரத்துணியால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அந்தக் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே, "கை சில்லுன்னு இருக்கு பாட்டி, அதான். எங்க ஆயாவுக்கும் விழவே விழாது" என்றாள். அப்போதும் விழவில்லை. "சரி, கண்ணுல எடுத்துக்கலாம். பேரனை மிரட்டுவீங்கல்ல, அந்த மாதிரி கண்ணை உருட்டுங்க பார்ப்போம்!"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்போடே கண்ணை அகல விரிக்க, வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிடம். பின்னால் முப்பது பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எழுந்து வரும்போது ஒரு பெரியவர் காலை மடக்கி வழி விட்டு, "மெதுவா வாங்கம்மா" என்றார்.

வங்கியிலும் அதே மாதிரிக் கருவிதான், அதே விதிதான். இந்தப் பெண்ணும் "இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லியிருந்தால் யாரும் அவளைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. அப்பா போனதிலிருந்து அம்மாவை எல்லாரும் முடிக்க வேண்டிய ஒரு கோப்பாகத்தான் பார்த்தோம். நானும்தான். டொரொண்டோவிலிருந்து தினமும் கூப்பிட்டு, "அந்த ஃபார்ம் கொடுத்தாச்சா, இந்தக் கையெழுத்து போட்டாச்சா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கை சில்லென்று இருக்கிறது என்று யாரோ ஒரு பெண்தான் பார்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா, எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்று மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு மோர், பானகம், சோறு. வருபவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அப்பாதான் மோர்ப்பானை வைப்பார். இந்த வருஷம் கிடையாது என்றிருந்தேன். காலையில் எழுந்தால் அம்மா இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறாள். "பண்டிகைதான் கூடாது. தாகத்துக்கு மோர் குடுக்க என்னடா?"

நாயன்மார்கள் மாட வீதி சுற்றி நின்ற நேரத்தில், பல்லக்குத் தூக்கி வந்த ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். தோள் கன்றிச் சிவந்திருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

"உப்பு கொஞ்சம் கம்மிம்மா."

அம்மா மூன்று விரலால் கல்லுப்பை அள்ளிப் பானையில் போட்டு, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினாள்.