பழைய லொறிக்கு ஆர்பிஎம் மீற்றர் பூட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

மருதானைப் பக்கம் உள்ள ஒரு கராஜில் எங்கள் அப்பாவின் பெட்ஃபோர்ட் லொறியை ஆர்பிஎம் மீற்றர் பூட்டக் கொடுத்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று முள்ளால் காட்டுவதுதான் அந்த மீற்றர், டேக்கோ என்றும் சொல்வார்கள். ஒன்றரை மணித்தியால வேலை என்றார்கள். பதினொரு நாளில் நான்கு தடவை அந்தக் கராஜுக்கு ஏறி இறங்கினேன். கடைசியில் மிஞ்சியது டாஷ்போட் தகட்டில் ஒரு பெரிய ஓட்டை, சிக்னலில் நின்றுபோகும் எஞ்சின், உருகிப்போன வயர். செலவு 52,000 ரூபா. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். ஏனென்றால் கொழும்பில் இதே மாதிரிப் பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பல, இதே பேச்சைக் கேட்டு ஏமாறக்கூடிய இடமும் இது ஒன்று மட்டும் இல்லை.

முதலில் வண்டியைப் பற்றி. 1962ஆம் ஆண்டு ஜே வகை பெட்ஃபோர்ட். தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து வரும் பழைய வரிசை நம்பர். 214 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லீற்றர், ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அப்பா 1979இல் இரண்டாம் கையாக வாங்கினார். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கண்டி, மாத்தளை என்று இருபத்தைந்து வருடம் ஓடினார். நாங்கள் மூன்று பேர் படித்தது அந்த லொறியின் காசில். வாங்கிய வருடமே கொட்டாஞ்சேனையில் பலகை எழுதுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து, டாஷ்போட்டின் இடது பக்கத் தகட்டில் மஞ்சள் பெயின்றில் 'முருகன் துணை' என்று எழுதுவித்தார். அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் அவர் திறப்பைத் திருப்பியதில்லை.

அந்த லொறியில் ஆர்பிஎம் மீற்றர் கிடையாது. அந்தக் காலத்து ட்ரைவர்மாருக்குக் காதுதான் மீற்றர். கடுகண்ணாவை ஏற்றத்தில் எந்த இடத்தில் எஞ்சின் கியர் கேட்கும் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கிளச் மிதிக்க முடியாது. அதனால் நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் இருந்து கேட்கிறார். நான் ஓட்டோ கியர் காரில் பழகியவன். எஞ்சினை வருத்தக் கூடாது, முள்ளைப் பார்த்தாவது கியர் மாற்றப் பழக வேண்டும் என்றுதான் மீற்றர் பூட்ட நினைத்தேன்.

கராஜுக்குப் போன அன்று அங்கத்தைய பாஸ், அதாவது மெக்கானிக், லொறியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பொனட்டைத் திறக்கவில்லை. "தம்பி, டேக்கோ எல்லாம் ஒண்டுதான். நாலு வயர். கம்பனி பிட்டிங் மாதிரி செஞ்சு தாறன், விட்டுட்டுப் போங்க" என்றார். அந்த இடத்திலேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். பெற்றோலா டீசலா என்று அவர் கேட்கவே இல்லை. இந்த வேலையில் எல்லாமே அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

பெற்றோல் எஞ்சினில் மீற்றருக்குச் சுற்று எண்ணிக்கை, பிளக்கில் பொறி வரவைக்கும் கொயிலில் இருந்து கிடைக்கிறது. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்து முனையில் மீற்றரின் பச்சை வயரைக் கொடுத்தால், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு துடிப்பு வரும், மீற்றர் அதை எண்ணும். டீசலில் கொயிலே இல்லை. பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்னேற்றரில் டபிள்யூ என்று ஒரு முனை இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம், இல்லாவிட்டால் ஃப்ளைவீல் பல்லை எண்ணும் சென்சர் வைக்க வேண்டும், அதற்கேற்ற மீற்றரும் வேறு. ஓல்டர்னேற்றருக்குப் பதிலாக டைனமோ உள்ள பழைய வண்டியில் அந்த டபிள்யூ முனையும் கிடையாது. நம் நாட்டுப் பழைய லொறிகள் பலவற்றில் பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பொனட்டைத் திறக்காமல் விலை சொல்லும் ஒருவர் உங்கள் வண்டியைப் பற்றி நினைக்கவே இல்லை.

மறுநாள் பின்னேரம் அப்பாவும் நானும் எடுக்கப் போனோம். கதவைத் திறந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். 'முருகன் துணை' இருந்த இடத்தில், டிரில்லில் மாட்டும் வட்ட வாளால் வெட்டிய மூன்றே கால் அங்குலத்துக்கும் மேற்பட்ட ஓட்டை. அதற்குள் மீற்றர். இடது ஓரத்தில் 'முரு', வலது ஓரத்தில் 'ணை'. நடுவில் ஒன்றும் இல்லை.

"எழுத்து இருந்தது தெரியலையா?" என்று கேட்டேன்.

"அது பழைய பெயின்ற்தானே தம்பி. வேணுமெண்டா ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டித் தாறன்."

அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓரத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து மீற்றரின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிளாஸ்ரிக் உறையைக் கிழிக்காமலே ஒரு தாங்கியும், ஸ்ரீரிங் தண்டில் இறுக்கும் வளையமும் கிடந்தன. தகட்டில் ஒரு ஆணி ஓட்டைகூடப் போடாமல் பூட்டும்படிதான் அந்த மீற்றரைச் செய்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. வெட்டினால் 'கம்பனி பிட்டிங்' என்று கூலி கூடக் கேட்கலாம், அவ்வளவுதான். கூலி 7,000. மீற்றருக்கு ஜப்பான் சாமான் என்று 18,500 எடுத்தார்கள். அதே பெட்டி, அதே படம், பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் 6,500க்கு இருப்பதை அடுத்த கிழமை நானே பார்த்தேன்.

ஓட்டையோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அடுத்ததாக மீற்றர் பொய் சொல்லத் தொடங்கியது.

ஐட்லிங்கில், அதாவது அக்ஸிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, முள் 900இல் நின்றது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது பொய் சொல்லுது தம்பி. இந்தச் சத்தம் அறுநூறைத் தாண்டாது" என்றார். நான் நம்பவில்லை. மீற்றர் புதியது, அப்பாவுக்கு வயது எழுபத்தாறு என்று நினைத்தேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பாஸிடம் கொண்டுபோனோம். மீற்றரின் பின்பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பழைய எஞ்சின் முதலாளி, ஐட்லிங் கூடப் போகுது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, காபரேட்டர் திருகை இறக்கி முள்ளை 600க்குக் கொண்டுவந்தார். ரியூனிங் 3,000. அன்று திரும்பும்போது ஆமர் வீதிச் சந்தியில் சிக்னலுக்கு நிறுத்தியதும் எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்ரார்ட் பண்ணினேன், கிரான்ட்பாஸில் நின்றது. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. மறுபடி கொண்டுபோனால், காபரேட்டர் போய்விட்டது என்று அதன் சின்னச் சாமான்கள் அடங்கிய கிற் ஒன்று மாற்றி 14,000 எடுத்தார்கள். அதற்கும் கோளாறு தீரவில்லை என்றதும் பிளக், பொயின்ற், கொண்டென்சர் என்று 9,500. நல்லாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குத்தான் இவ்வளவும். பிழை இருந்தது மீற்றருக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன சுவிட்ச்சில்.

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஃபோர் ஸ்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பொறி கேட்கும். ஆகவே நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி, ஆறில் மூன்று, எட்டில் நான்கு. கடையில் விற்கும் மீற்றர்களில் பெரும்பாலானவற்றில் 4, 6, 8 என்று தெரிவு செய்ய ஒரு சுவிட்ச் இருக்கும். எங்களுடையதை 4இலேயே விட்டிருக்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால் 1,800 பொறி வருகிறது. மீற்றர் அதை மூன்றால் பிரிக்காமல் இரண்டால் பிரித்து 900 என்று காட்டுகிறது. எப்போதும் ஒன்றரை மடங்கு. அந்தப் பொய் முள்ளை 600க்கு இறக்கியதும் உண்மையில் எஞ்சின் 400இல் இழுத்துக்கொண்டிருந்தது. நிற்காமல் என்ன செய்யும்? அப்பாவின் காது சொன்னது சரியாக அதே அறுநூறு.

இதற்கிடையில் இரண்டு காலை பெட்டரி இறங்கிக் கிடந்தது. பெட்டரி மாற்ற வேண்டும் என்றார்கள். நல்லகாலம், மாற்றவில்லை. சிவப்பு வயரைத் திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வரும் முனையில் கொடுக்காமல், எப்போதும் கரண்ட் நிற்கும் வயரின் தோலைச் சீவி முறுக்கி ரேப் சுற்றியிருந்தார்கள். இரவு முழுக்க மீற்றர் பெட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. பியூஸ் இல்லை. வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி, அதில் வயர் உரசாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமும் இல்லை. பத்தாம் நாள் இரவு, களனிப் பாலத்தை நெருங்கும்போது ரப்பர் எரியும் மணம். அப்பாதான் முதலில் உணர்ந்தார், "ஓரமா நிப்பாட்டு, நிப்பாட்டு!" டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து வெள்ளைப் புகை. பெட்டரியின் ஏர்த் முனையைக் கழற்றும் வரை என் கை நடுங்கியது. முழங்கால் மடியாத மனிதர் ஒருவர் பக்கத்து சீற்றில் இருக்கிறார், அவர் கதவைத் திறந்து இறங்கவே ஒரு நிமிடம் போகும். மூன்று அம்பியர் பியூஸ் ஒன்றும் ஒரு ரப்பர் வளையமும் என்ன விலை? இருநூறு ரூபாவுக்குள் முடிகிற விஷயம்.

பேலியகொடையில் ஒரு வயதான பாஸ் இருக்கிறார் என்று அப்பாவின் பழைய ட்ரைவர் நண்பர் சொல்லி, அங்கே இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுக்கும் முன் கேட்டவை: பெற்றோலா, எத்தனை சிலிண்டர், ஏர்த் பொசிட்டிவா நெகட்டிவா. கடைசிக் கேள்வி எனக்குப் புதிது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் வண்டியின் இரும்பு உடலில் பூட்டியிருக்குமாம், அதைத்தான் ஏர்த் என்கிறார்கள். பிறகு யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். பார்க்காமல் இன்றைய மீற்றரைப் பூட்டினால் அது அந்த நிமிடமே எரிந்துபோகக்கூடும். எங்கள் லொறியில் நெகட்டிவ் ஏர்த். பெட்டரியைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

சுவிட்ச்சை 4இலிருந்து 6க்குத் தள்ளினார். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் கப்பியில் ஒளி தெறிக்கும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி மீற்றரால் அளந்து, காபரேட்டர் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒளி மீற்றரில் 610, எங்கள் முள்ளில் 600. எரிந்த வயரைப் புதிதாக இழுத்து, பியூஸ் போட்டு, பெட்டியில் கிடந்த வளையத்தாலேயே மீற்றரை ஸ்ரீரிங் தண்டில் பூட்டினார். எல்லாவற்றுக்கும் 2,500 ரூபா வாங்கினார். கழற்றிய வயரையும் கையில் தந்தார்.

பழைய கராஜுக்குப் போய்க் கேட்டபோது, "நீங்க காசு குடுத்து எடுத்துக்கொண்டு போனது தானே?" என்றார்கள். பில் தரவில்லை, நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இரண்டு தடவை பேங்க் மூலம் அனுப்பியிருந்தேன், வாட்ஸ்அப்பில் விலை எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சாமானுக்கு மட்டும் அல்ல, சேவைக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், யோசித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

வண்டியை விடும் முன் டாஷ்போட், வயர், மீற்றர் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். தகட்டை வெட்டக் கூடாது என்று வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள், ஒன்றரை மணித்தியால வேலைதானே. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறியது, அதோடு பழைய வண்டி தெரியும் என்று சொல்கிறவர்களும் கூடிவிட்டார்கள் என்பது என் எண்ணம். உண்மையில் தெரிந்தவர்கள் பேலியகொடை பாஸ் மாதிரி வயதாகி, ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

தகட்டுக்கு டிங்கரிங் ஆளைக் கேட்டேன். ஓட்டையை வெல்ட் பண்ணி அடைக்கலாம், ஆனால் சூட்டில் மிச்சம் இருக்கும் 'முரு'வும் 'ணை'யும் கருகிப்போகும் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். இப்போதும் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

வெட்டிய துண்டைக் கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். மருதானை, பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய இரும்பு எடுக்கிற யாராவது இதை வாசித்தால்: உள்ளங்கை அளவு வட்டத் தகடு, சாம்பல் பச்சைப் பெயின்ற், அதில் மஞ்சளில் 'கன் து' என்று எழுதியிருக்கும். கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.