பெரிய எழுத்து பைபிள்: எட்டு மாதம் வாசித்த பிறகு

மார்ச் மாதம் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இதை வாங்கினேன். பழைய மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்து, வேண்டிய புத்தகத்தைச் சட்டென்று திருப்ப ஓரத்தில் வெட்டு வைத்த தம்ப் இண்டெக்ஸ், ஜிப் வைத்த கறுப்பு உறை. வாரத்தில் மூன்று நாள் என்னோடு லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் என்று சுற்றுகிறது.

எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) சாம்பியன் ரீஃப்ஸில் பதினெட்டு வயதில் ஞாயிறு பள்ளி டீச்சரானேன். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூர் வந்தோம். இங்கேயும் அதே ஊழியம்: கதைப் படங்களை ஒட்டிக் காட்டும் பிளானல் போர்டு, வசனப் போட்டி, மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. ஆனால் வர வர பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, வாசிக்க வரவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தானே. மனப்பாட வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் ஒப்பிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வகுப்பை என்னிடம் படித்த ஒரு பெண்ணிடமே ஒப்படைத்தேன். அதன் பிறகும் சில ஞாயிறுகள் ஆராதனை முடிந்ததும் கால் தானாக வகுப்பறைப் பக்கம் போகும். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

பைபிளில் எண்ணாகமம் 8-ம் அதிகாரத்தில், ஆலய ஊழியத்துக்கென்று பிரித்து வைக்கப்பட்ட லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடார (வழிபாட்டுக் கூடார) வேலைக்கு வர வேண்டும், 50-ல் அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, சகோதரரோடு சேர்ந்து காவல் காக்கலாம் என்கிறது. எத்தனையோ தடவை வாசித்த இடம், அந்தக் கடைசிப் பகுதி அப்போதுதான் கண்ணில் பட்டது. “கோயிலுக்கு வர முடியாதவங்க வீட்டுக்குப் போய் வாசிக்கிறீங்களா டீச்சர்?” என்று ஆயர் கேட்டார். இப்போது ஒன்பது வீடு.

சரி, பைபிளுக்கு வருகிறேன். எழுத்து அருமை. சின்ன எழுத்துப் பைபிளில் மெய்யெழுத்தின் புள்ளி என் கண்ணுக்கு மறைந்துவிடும். இதில் புள்ளி தனியாக நிற்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரே ஒரு பல்பு வெளிச்சத்திலும் தடுமாறாமல் வாசிக்கிறேன். ஆனால் இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். வயதான கண்ணுக்குச் சிவப்பு மங்கல்தான். வாங்குகிறவர்கள் முழுவதும் கறுப்பில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தாள் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து நிழலடிக்கிறது. வாசிக்கிற பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்பு சார்ட் தாளை வைத்தால் நிழல் போய்விடும். நான்காவது மாதம் ஜிப் சிக்கியது, மெழுகுவர்த்தி தேய்த்தேன், சரியாகிவிட்டது.

பெரிய குறை எடை. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், உறையோடு 2 கிலோ 100 கிராம். பஸ் ஏறி, இரண்டு மாடி ஏறி, மடியில் வைத்து அரை மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு கடுக்கிறது. இப்போது போகிற வீட்டில் ஒரு தலையணை கேட்டு வாங்கி அதன்மேல் வைத்துக்கொள்கிறேன்.

என் வட்டத்தில் 88 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். அவரும் கே.ஜி.எஃப்.காரர். ஆறு வருடமாக வாசிப்பை விட்டுவிட்டவர். ஜூன் மாதம் ஒருநாள் 121-ம் சங்கீதத்தை எடுத்தேன். “அதை இப்படிக் கொடுங்க டீச்சர்” என்று கை நீட்டினார். தலையணையோடு அவர் மடியில் வைத்தேன். ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி, அப்புறம் சொல் சொல்லாக வாசிக்க ஆரம்பித்தார். ‘ஒத்தாசை’ வந்த இடத்தில் விரல் நின்றது, திரும்ப ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எட்டு வசனத்துக்கும் கால் மணி நேரம் ஆனது. நான் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் வாசிக்கிறார், நான் கேட்கிறேன்.

வீட்டில் மேசைமேல் வைத்து வாசிக்க இந்த முழுப் பைபிளைத் தயங்காமல் வாங்கலாம். வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அதே பெரிய எழுத்தில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பிரதி போதும். கடையில் தூக்கிப் பார்த்தேன், பாதி எடைகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு அதை வாங்கிக்கொண்டு, இந்தப் பெரியதை அந்த அம்மா தலைமாட்டிலேயே விட்டுவிடப் போகிறேன்.