மாருதி 800 இக்னிஷன் லாக்: தகடு மாற்றுவதா, லாக்கையே மாற்றுவதா?

"முழுசா உள்ளே விடாதே, ஒரு நூல் வெளியே இழு, லேசா மேல அழுத்தித் திருப்பு." எங்கள் வீட்டில் காரை எடுக்கும் எல்லோருக்கும் சாவி போடும் இந்தப் பாடம் மனப்பாடம். வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர். அப்பா வாங்கியது. போன மாதம் ஒரு நாள் காலையில் இந்த வித்தையும் பலிக்கவில்லை. சாவி அசையவே இல்லை. விசாரித்த நாலு பேரும் நாலு வழி சொன்னார்கள்: லாக் செட் மாற்றுங்கள், இக்னிஷன் மட்டும் போதும், பழைய கடையில் எடுங்கள், சாவிக்குப் பதில் பட்டன் வைத்துவிடலாம். ஐந்தாவதாகப் பார்த்த சாவிக்காரர்தான் லாக்கைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டினார். அதன் பிறகே எனக்கு விஷயம் விளங்கியது.

முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி அதை வாங்கிய ஹர்பால் சிங்கின் கையில் கொடுத்தது 1983 டிசம்பர் 14 அன்று. உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். ஆக, இன்று ஓடும் எந்த மாருதி 800-உம் பத்து வயதைத் தாண்டியதுதான். ஒரு நாளைக்கு நாலு தடவை சாவி திருப்பினாலே 25 வருஷத்தில் 36,500 தடவை. தேயாமல் என்ன செய்யும்?

காசு செலவழிக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இக்னிஷன் லாக் என்று நாம் சொல்வது இரண்டு பொருள். முன்பக்கம் சாவி நுழையும் சிலிண்டர். பின்பக்கம் கரண்டை இணைக்கும் ஸ்விட்ச். சாவி வழுவழுவென்று திரும்புகிறது, ஆனால் செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுக்கவில்லை. சாவியைத் தொட்டால் மீட்டரில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பின்பக்க ஸ்விட்சை. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். எலக்ட்ரீஷியன் வண்டியை நியூட்ரலில் வைத்து, செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்கு (அதை இயக்கும் மின்காந்த ஸ்விட்சுக்கு) நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மோட்டார் சுற்றினால் கோளாறு மோட்டாரில் இல்லை, அதற்குக் கரண்ட் வரும் வழியில் இருக்கிறது. ஸ்விட்ச் தனியாகக் கிடைத்தால் ஸ்க்ரூவைக் கழற்றிப் புதியதை வைத்து, கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) மாட்டினால் வேலை முடிந்தது. சாவியும் மாறாது, பூட்டும் மாறாது. இதற்குப் போய் முழு லாக்கை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சாவி திரும்பவே இல்லை என்றால் முதலில் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் திரும்பிய நிலையில் நிறுத்தியிருந்தால் ஸ்டீயரிங் லாக்கின் முளை இறுகிப் பிடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பீரோவில் உறங்கும் இரண்டாவது சாவியைத் தேடி எடுத்துப் போடுங்கள். அதில் சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது பூட்டு அல்ல, நீங்கள் தினமும் போடும் சாவி. நூறு இருநூறு ரூபாயில் தீரும் விஷயம். ஆனால் டூப்ளிகேட்டை அந்த இரண்டாவது சாவியைப் பார்த்துத்தான் போட வேண்டும். தேய்ந்த சாவியைக் கொடுத்தால் அதன் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பார்கள்.

எங்கள் வண்டியில் இரண்டு சாவியும் திரும்பவில்லை. தகடு மாற்றுவதா, லாக்கையே மாற்றுவதா என்ற உண்மையான போட்டி இனிமேல்தான்.

தகடு மாற்றுவதை முதலில் சொல்கிறேன், நான் தேர்ந்தது அதைத்தான். சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடும் சிலிண்டரின் விளிம்போடு சமமாக நின்று வழிவிடும். ஒன்று துருத்திக்கொண்டிருந்தாலும் திரும்பாது. வருஷக்கணக்கில் சாவி உரசி உரசித் தகட்டின் வாய் தேய்கிறது, ஸ்பிரிங் தளர்கிறது. தேய்ந்த தகடுகளை எடுத்துவிட்டு, நல்ல சாவியின் வெட்டுக்குப் பொருந்தும் புதுத் தகடுகளை வைத்தால் பூட்டுக்கு மறுபடி உயிர் வரும். கதவும் டிக்கியும் பழைய சாவியிலேயே திறக்கும். லாக்கின் கூடு ஸ்டீயரிங் தண்டில் இருந்தபடியே சிலிண்டர் மட்டும் வெளியே வந்துவிட்டால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. செலவு, புது லாக்கின் விலையில் ஒரு பகுதிதான்.

இதில் எல்லாமே செய்பவர் கையில் இருக்கிறது. அவசரக்காரர் தகட்டை மாற்ற மாட்டார். துருத்தும் முனையை அரத்தால் ராவிவிடுவார். அல்லது இரண்டு தகட்டை உருவிப் போட்டுவிட்டு "இப்ப பாருங்க, வெண்ணெய் மாதிரி திரும்புது" என்பார். திரும்பத்தான் செய்யும், அடுத்த வீட்டு மாருதியின் சாவிக்கும் திரும்பும்! ஆகவே வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தகடு மாற்றுவீர்களா, ராவுவீர்களா? எடுத்த தகடுகளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் வேறொரு காரின் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஆன் நிலையில் சாவியை இழுத்தும் பாருங்கள், வரக்கூடாது. ஓடும் வண்டியில் சாவி உருவிக்கொண்டு வரும் நிலை இருந்தால் அதைச் சகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்த லாக்தான் ஸ்டீயரிங்கையும் பூட்டுகிறது.

தகடு நிற்கும் பள்ளமும் கூடும் தேய்ந்து அகன்றுவிட்டால் இந்த வழி நிற்காது. சாவியை நுழைத்து மேலும் கீழும் ஆட்டும்போது சிலிண்டர் முழுவதுமே லொடலொடவென்று ஆடினால் ஆசையை விட்டுவிட்டுப் புது லாக் பக்கம் போகலாம்.

புது இக்னிஷன் லாக்கை மாட்டுவதில் பலருக்குத் தெரியாத சங்கடம் போல்ட்டில் இருக்கிறது. திருடன் சுலபமாகக் கழற்றக்கூடாது என்பதற்காக, முறுக்கும்போது தலை உடைந்துபோகும் போல்ட்டால் லாக்கை ஸ்டீயரிங் தண்டில் பிணைத்திருப்பார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தலை இருக்காது. சென்டர் பஞ்சை (கூர்முனை இரும்பு உளியை) ஓரத்தில் வைத்துத் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும். துருவேறியிருந்தால் டிரில் போட வேண்டும். புது லாக்குக்கும் அதே வகைப் புது போல்ட்டைத்தான் போட வேண்டும், தலை உடையும் வரை முறுக்க வேண்டும். சாதாரண போல்ட்டைப் போட்டு அனுப்பும் கடைகள் உண்டு; ஸ்டீயரிங் உறைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். மாட்டிய பின் சாவியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங் பூட்டுகிறதா, சாவி போட்டதும் முழுதாக விடுபடுகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்று சொல்லி, பழைய கப்ளரோடு ஒப்பிட்டு வாங்குங்கள். இதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு சாவி: ஓட்ட ஒன்று, கதவுக்கு ஒன்று. பழகிவிடும் என்பார்கள், மழையில் நனைந்துகொண்டு தப்பான சாவியைக் கதவில் திருகும்போது அப்படித் தோன்றாது.

இந்த இரண்டு சாவித் தொல்லைக்காகவே முழு லாக் செட்டை வாங்குகிறவர்கள் உண்டு. இக்னிஷன், முன்கதவு இரண்டு, டிக்கி, எல்லாம் ஒரே சாவியில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதவு லாக்கை மாற்ற டோர் பேடை (கதவின் உட்புற அட்டையை) கழற்ற வேண்டும். 25 வருஷம் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் படபடவென்று உடையும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரும். நன்றாக இருக்கும் மூன்று பூட்டை, கெட்டுப்போன ஒன்றுக்காகத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. சாவி திருட்டுப் போனால் கதை வேறு. மூன்று நாலு கை மாறிய வண்டியை வாங்கி, வெளியே யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் அப்படித்தான். அப்போது கதவையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். அப்போதும் எல்லாப் பூட்டுக்கும் தகடு மாற்றுவது சாத்தியமா என்று சாவிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய லாக் கிடைக்கும். ஆனால் அதுவும் இன்னொரு வண்டியில் தேய்ந்ததுதானே. பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

பட்டன் வைக்கும் யோசனையை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் சூடேறினால் தீப்பிடிக்கும். ஸ்டீயரிங் பூட்டைச் செயலிழக்கச் செய்யாமல் வண்டியே ஓடாது; செய்துவிட்டால் கண்ணாடியை உடைத்தவன் நேராக ஓட்டிக்கொண்டு போகலாம்.

சாவித் தலையில் சிப் உள்ள பிந்தைய வண்டிகளுக்கு இங்கே சொன்னது பாதிதான் பொருந்தும். தகட்டைச் சரிசெய்தாலும் சிப்பை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டால்தான் இன்ஜின் உயிர் பெறும். அந்த வேலைக்குச் சாவியைப் பதிவு செய்யும் கருவி வைத்திருப்பவரிடம் போக வேண்டும்.

எங்கள் லாக்கில் சிலிண்டர் வெளியே வந்தபோது கறுப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. திரும்பாதபோதெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டவன் நான்தான் என்று சொன்னேன். எண்ணெயில் தூசி ஒட்டி அது அரம்போல் ராவிவிடும் என்று சாவிக்காரர் விளக்கிவிட்டு, கிராஃபைட் பொடி தூவி மூடினார். பென்சில் ஊசியைச் சுரண்டிப் போட்டாலும் போதுமாம். கொத்தையும் பிரிக்கச் சொன்னார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் அந்த ஒரு சாவியில் தொங்கி, ஓடும்போதெல்லாம் ஆடி ஆடித் தகட்டைத் தின்றிருக்கின்றன.

இப்போது கார் சாவி தனியாக இருக்கிறது. தேய்ந்த பழைய சாவியையும் வேலைக்கான பில்லையும் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் வண்டிக்கு உண்டான எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். லாக் மாற்றியவர்கள் பழைய சாவியைக் குப்பையில் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.